நூற்றுப் பதினேழாவது வரி

முரளி,

சாமி விளக்கை ஏற்றிவிட்டு, உன் அப்பாவுக்குக் காலைப் பங்குத் தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டு, நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் தட்டுவதற்கு எனக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும்; ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துகிறேன். நீ வெளிநாட்டு வேலைக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். தினமும் பேசுகிறோம். அங்கே குளிர் எப்படி என்று நான் கேட்கிறேன், அப்பாவின் எடை எவ்வளவு என்று நீ கேட்கிறாய். அரிசி கிடைக்கிறதா, ஸ்வெட்டர் போட்டாயா, எதிர்வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது, எல்லாம் பேசி முடித்து இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறோம். பிறகு நீ "சரிம்மா, வெச்சிடவா" என்கிறாய். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனில் அது என் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். இன்று புதன்கிழமை. நாளை மறுநாள் அப்பாவுக்கு மறுபடி முறை. அதற்குள் இதை நீ முழுவதும் படித்துவிட வேண்டும். நடுவில் ஆபீஸ் அழைப்பு வந்தாலும் மூடிவிடாதே.

உனக்குத் தெரிந்ததையேதான் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். ஏனென்றால், நடந்தது என்ன என்பதை நீ ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் மனசுக்குள் மாற்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டோமோ என்று எனக்குப் பயம். அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டு ஐந்து வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஆவடியிலிருந்து பஸ் பிடித்துக் கரையான்சாவடி டயாலிசிஸ் சென்டருக்குப் போகிறோம். பத்துக் கட்டில். அவருக்கு நான்காம் கட்டில். உடம்பில் நீர் தேங்காதபோது அவருடைய எடை ஐம்பத்தெட்டு கிலோ. அதற்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு நீரை மிஷின் இழுக்க வேண்டும். குறைவாக இழுத்தால் மூச்சு முட்டும். கூடுதலாக இழுத்தால் பிரஷர் விழும், கால் நரம்பு சுண்டும், அதற்கு மேலும் போகலாம் என்று டாக்டர் எனக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அதனால்தான் இட்லியோடு போன சாம்பாரைக்கூட மில்லியில் குறித்து வைக்கிறேன். "ஃபேக்டரி ஸ்டோர்ஸ்லகூட இப்பிடி ரெஜிஸ்டர் எழுதுனதில்லடி. ஒரு மடக்குக்குக் கையெழுத்து கேக்குற" என்று அப்பா கேலி செய்வார். செய்யட்டும். அந்த நோட்டுக்கு மட்டும்தான் நான் ஐந்து வருஷமாக உண்மையாக இருந்திருக்கிறேன்.

டாக்டர் அந்த சென்டரில் உட்காருவதில்லை. எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு நீர், இத்தனை மணி நேரம், இந்த மருந்து இவ்வளவு என்று ஒரு உத்தரவு அனுப்புகிறார். அதன் மேல் அவருடைய முத்திரை இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முத்திரை இல்லை, கணக்குப் போட்டுச் செய்த முத்திரை. அவர் முத்திரை போட்ட பிறகு ஒரு எண்ணை யாராவது மாற்றினால்கூட அந்தக் கணக்கு உடைந்துவிடும். கட்டிலுக்கு மேலே உள்ள திரையில் சிவப்பு எரியும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. இதைச் செய்கிற புரோகிராம் உன் கம்பெனியுடையது. அதை முதலில் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அதன் அடியில் உண்மையாக முத்திரையைச் சரிபார்ப்பது, உலகத்துக்கே பொதுவாக யாரோ செய்து கொடுத்திருக்கும் ஒரு கிரிப்டோகிராபி லைப்ரரி. லைப்ரரி என்றதும் நான் புத்தக அலமாரி என்று நினைத்தேன். "இல்லம்மா, பூட்டு, சாவி, தாழ்ப்பாள் எல்லாம் ரெடியா செஞ்சு வெச்சிருக்கற கடை மாதிரி. நாம எடுத்து நம்ம கதவுல மாட்டிக்கணும்" என்றாய். அந்தக் கடையின் பழைய சரக்கை இனிமேல் பழுது பார்க்க மாட்டோம் என்று அதைச் செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் பழைய புரோகிராமைப் புது லைப்ரரிக்கு மாற்றுகிற வேலை உன் தலையில் விழுந்தது. நீ பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் அந்த வேலையைச் செய்தாய்.

அந்த மூன்று மாதத்தை நான் எவ்வளவு சந்தோஷமாகக் கழித்தேன் என்று உனக்குத் தெரியாது. பத்தாவதோடு நின்றவள் நான். உன் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஆரம்பித்து, உன் பின்னாலேயே ஒவ்வொரு வகுப்பாக, நீ பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்தவள். முதல் நாள் புது லைப்ரரியோடு அந்தப் புரோகிராமை ஓட்டியபோது இருநூற்று நாற்பத்து மூன்று வரி குற்றப்பட்டியல் வந்தது. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். நான்தான் "எண் போட்டுக் குடு, ஒவ்வொண்ணா அடிக்கலாம்" என்றேன். ஒரு புது நோட்டில் ஒன்று முதல் இருநூற்று நாற்பத்து மூன்று வரை கோடு போட்டு எழுதினேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நான் எண்ணையும் வரியையும் வாசிப்பேன், நீ திருத்துவாய், "முடிஞ்சது" என்றதும் டிக் போடுவேன். "பழசுல பெட்டியத் திறந்து உள்ள கைய விட்டு எடுத்துக்கலாம்மா. புதுசுல அப்பிடி விடமாட்டான். ரேஷன் கடை மாதிரி ஜன்னல்ல நின்னு கேட்டுதான் வாங்கணும்" என்று நீ விளக்கியது எனக்கு அப்படியே புரிந்தது. உன் அப்பா கட்டிலில் படுத்தபடியே, "டேய், உங்கம்மா அர்ச்சனை பண்றா, நீ மணி ஆட்டுற. பிரசாதம் எப்படா?" என்பார்.

நூற்றுப் பதினேழுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று கிருத்திகை, எனக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். அந்த வரியில் எரர் என்று இல்லை, வார்னிங் என்று இருந்தது. அந்த மாதிரி முப்பத்தெட்டு வரி இருந்தது.

"நூத்திப் பதினேழு. இதுல வெரிஃபைன்னு என்னமோ வருதுடா. டெப்ரிகேட்டட்னு போட்டிருக்கு."

"அது ஒண்ணும் பண்ணாதும்மா. 'எனக்கு வயசாயிடுச்சு, சீக்கிரம் வேற ஆளப் பாத்துக்குங்க'ன்னு பொலம்பற கேஸு. ஆனா வேலை செய்யும்."

"அப்போ டிக் போடவா?"

"இரு, இதுங்க எல்லாத்தையும் மொத்தமா வாயடைக்க ஒரு வழி இருக்கு."

எங்கேயோ ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாய். மறுபடி ஓட்டியபோது அந்த முப்பத்தெட்டு வரியும் திரையிலிருந்து காணாமல் போயின. "பாத்தியா, சமத்தா போயிடுச்சு" என்றாய். மற்ற முப்பத்தேழுக்கும் நீ சொன்னபடியே டிக் போட்டேன். நூற்றுப் பதினேழுக்கு மட்டும் போடவில்லை. வெரிஃபை என்றால் சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியும். சரிபார்க்கிற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது, அதை நாம் கேட்கவில்லை என்று மட்டும் தோன்றியது. உன்னிடம் அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு நூற்றுப் பதினெட்டுக்குப் போய்விட்டேன்.

வேலை முடிந்து, முதலில் ஒரே ஒரு சென்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்று உன் கம்பெனி முடிவு செய்தபோது, அது நம் கரையான்சாவடி சென்டராக அமைந்ததை நான் அம்மன் செயல் என்று நினைத்தேன். டெக்னீஷியன் சதீஷ் இருக்கிறானே, அவன் எல்லாரிடமும் போய், "நாலாம் நம்பர் பெரியவரு பையன் பண்ணதுதான் இது. இன்னா ஸ்பீடு பாரு. சும்மா தொட்டா பச்சை வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆறாம் கட்டில் கஸ்தூரி அக்காவை நீ பார்த்திருக்கிறாய். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத் தனியாக வருபவர். வீட்டுக்காரர் இல்லை, கீரை பயிரிட்ட நிலமெல்லாம் மனையாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம். ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் கையில் கொடுக்கும் சீட்டை என்னிடம்தான் நீட்டுவார். "ஏம்மா, உம்புள்ள செஞ்சதாமே? நல்லா இருக்கட்டும். எனக்குன்னு பாத்துக்கினு இருக்க யாரு கீறாங்க? அந்தப் பச்சை வெளக்குதான் எனக்குத் துணை" என்று என் கன்னத்தைத் தடவினார். நான் பூரித்துப் போய் நின்றேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. நீ கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தது. அன்று காலையில் சென்டரில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண், டாக்டரின் உத்தரவுகளைத் தன் போனில் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மறுபடி அடித்திருக்கிறாள். அப்பாவின் எடையைப் பார்த்தேன்: அறுபது புள்ளி நான்கு. இழுக்க வேண்டியது இரண்டு புள்ளி நான்கு லிட்டர். என் நோட்டிலும் அதுதான். தலைக்கு மேலே திரையைப் பார்த்தேன். நான்கு புள்ளி இரண்டு. பக்கத்தில் பச்சை.

"சதீஷ், நம்பர் மாறியிருக்குப்பா."

"இன்னாமா நீங்க, டாக்டர் ஆர்டரும்மா. பச்சை வந்துகீது பாருங்க. உங்க புள்ள சாஃப்ட்வேருதான், அத்த நீங்களே நம்பலன்னா எப்டி?"

"நம்பறது அப்புறம். டாக்டருக்குப் போன் போடு."

"டியூப் மாட்டினு போய்க்கினே இருக்கேன்மா, இன்னும் ஏழு பேரு கீறாங்க..."

நான் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றேன். அப்பாகூட, "விடுடி, பையன் பொழப்பக் கெடுக்காத" என்றார். கடைசியில் சதீஷ் போன் போட்டான். பேசிவிட்டு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. எண்ணை இரண்டு புள்ளி நான்கு என்று மாற்றினான். போன வருஷமும் அதே பெண் இதே மாதிரி இன்டர்நெட் இல்லாத ஒரு நாளில் கையால் அடித்தாள், முரளி. அன்று பழைய புரோகிராம். பத்துக் கட்டிலிலும் ஒரே சிவப்பு. டாக்டர் கத்தி, திரும்ப அனுப்பி, எல்லாருக்கும் ஒரு மணி நேரம் தாமதம். அன்று அந்தச் சிவப்பைத் திட்டாதவர் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு, நான் மெதுவாக நடந்து பத்துக் கட்டிலின் திரையையும் பார்த்தேன். பத்தும் பச்சை.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு என் நோட்டைக் கேட்டாய். பென்சில் வட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் ஏதோ செய்துவிட்டு நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் குறித்து வைத்திருக்கிறேன். "அந்த வெரிஃபை ஃபங்ஷன் மூணு பதில் சொல்லும்மா. முத்திரை சரி. முத்திரை தப்பு. மூணாவது, என்னால பாக்கவே முடியலன்னு. பழைய புரோகிராம் எழுதினவரு 'தப்பா?'ன்னு மட்டும்தான் கேட்டிருக்காரு. தப்புன்னு சொல்லலைன்னா பச்சை." டாக்டர்களின் முத்திரைகள் எல்லாம் பழைய முறையில் செய்தவை. புது லைப்ரரி அந்தப் பழைய முறையைத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டது. அதை வைத்து இனி எதையும் சரிபார்க்காது. ஆகவே ஒவ்வொரு உத்தரவுக்கும் அது "என்னால் பார்க்க முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் புரோகிராம் அதைக் கேட்டுவிட்டுப் பச்சை போட்டுக்கொண்டிருக்கிறது. யார் எதை மாற்றினாலும் பச்சை. "டெஸ்ட் பண்ணியேடா" என்று கேட்டேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "பண்ணேம்மா. நானே புதுசா முத்திரை செஞ்சு, நானே உடைச்சுப் பாத்தேன். அதுக்கெல்லாம் சிவப்பு கரெக்டா வந்துது. டாக்டரோட பழைய முத்திரை ஒண்ணையாவது எடுத்துப் பாத்திருக்கணும்."

இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்து நீ செய்தது என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதா? போனை எடுத்தாய். உன் மேலாளரின் பெயர் திரையில் வந்துவிட்டது. ஒரு வரியைத் திருத்தினால் போதும், ஆனால் திருத்தியதும் எந்த டாக்டர் முத்திரையையும் ஏற்றுக்கொள்ளாமல் நின்றுவிடும், எல்லாருக்கும் புது முத்திரை கொடுத்து முடிக்க இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை பழைய புரோகிராமையே திரும்பப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனில் அழைக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாய். இரண்டு மாதம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மறுநாள் உனக்கு வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் வரவேண்டிய நாள். விசாவுக்குத் தேதி. அங்கே உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. நான் உன் கையிலிருந்து போனை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். "இருடா. மொதல்ல நீ நல்லபடியா போய்ச் சேரு. போய்ட்டு சொல்லிக்கலாம். இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். உனக்கு எட்டு வயசில் இருந்த அதே பார்வை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை. அன்று மாலை மேலாளர் தானாகவே கூப்பிட்டபோது "எல்லாம் ஓகே சார், பச்சைதான் சார்" என்று சொன்னது உன் குரல், ஆனால் சொன்னவள் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்தப் பதினாறு நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இது எனக்கு முதல் தடவை இல்லை. நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், ஃபேக்டரியில் எல்லாருக்கும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனை செய்தார்கள். அப்பாவுடைய சீட்டை நான்தான் வாங்கிப் பிரித்தேன். அதில் நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. சாம்பிள் போதவில்லை, பரிசோதிக்க இயலவில்லை, மறுபடி எடுக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. உன் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அப்பாவின் செருப்பு வார் சாயங்காலங்களில் இறுகுவதையும், காலுறையின் தடம் காலில் பள்ளமாகப் பதிவதையும் அதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன். அவரிடம் சீட்டைக் காட்டாமல், மாங்காட்டுக் காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போனேன். ஏதாவது கெடுதல் இருந்தால் ஒரு அறிகுறி காட்டு தாயே என்று கேட்டேன். ஆறு வாரமும் அறிகுறி எதுவும் வரவில்லை. பதில் வராததையே நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு, சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அம்மன் பேசவில்லை என்று யார் சொன்னது? மறுபடி எடுக்கவும் என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாள். பதினோரு மாதம் கழித்து அப்பா லேத் மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தபோது, டாக்டர் கேட்ட முதல் கேள்வி "முன்னாடி எதுவும் டெஸ்ட் எடுக்கலையா?" என்பதுதான். "இல்லை" என்றேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் அப்பாவுக்கு இன்று வரை தெரியாது. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிவிட்டு அவரிடம் காட்டப்போகிறேன்.

நீ போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே, எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? நான்காம் கட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் என் நோட்டோடு திரையை ஒப்பிட்டேன். மற்ற ஒன்பது கட்டிலுக்கும் நோட்டு கிடையாது. சதீஷிடம் ஜாடையாக, "எல்லாருக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டுக்கப்பா" என்றேன். அவன் அன்றைய பயத்தை மறந்துவிட்டான். "யம்மா, பத்துப் பேருக்கும் போன் போட்டா டாக்டரு என்னிய வேலைய விட்டுத் தூக்கிடுவாரு. அதுக்குத்தான மிஷினு கீது?" என்று சிரித்தான். உன்னிடம் போன வாரம் மெதுவாக ஆரம்பித்தேன். "அங்க இருக்கறவங்க பாத்துப்பாங்கம்மா, நான் இப்ப அந்த கம்பெனியிலயே இல்லையே" என்றாய். உன் குரலில் என் குரல் கேட்டது. திங்கட்கிழமை சதீஷ் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினான். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து இந்த சென்டரை நடத்துபவர்களுடைய மற்ற சென்டர்கள் எல்லாவற்றிலும் இதே புரோகிராமை மாட்டப் போகிறார்களாம். சந்தோஷச் செய்தி என்று மூன்று மலர்கள் போட்டிருந்தான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஆரம்பித்து இரண்டு மணி நேரம் இருக்கும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஆறாம் கட்டிலிலிருந்து "யம்மா, கால இழுக்குதே" என்று ஒரு சத்தம். நான் திரும்புவதற்குள் கஸ்தூரி அக்காவின் கண் மேலே போய்விட்டது. மிஷின் கத்தியது. சதீஷ் ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடித்து, மருந்துத் தண்ணீரை ஏற்றினான். முகம் சாம்பல் மாதிரி ஆகி, பத்து நிமிஷம் கழித்துத்தான் கண் திறந்தார். திரையில் பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடாமல் ரயில் ஏறியதால் இருக்கலாம். வெயிலாக இருக்கலாம். எண் மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். அவருடைய எடை எவ்வளவு, டாக்டர் எவ்வளவு சொன்னார் என்று சென்டரில் யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, முரளி. பார்க்க முடியவில்லை என்ற அந்த மூன்றாவது பதிலில் நானே உட்கார்ந்திருக்கிறேன். கிளம்பும்போது கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே என்னிடம் சீட்டை நீட்டி, "இத்தப் படி. எல்லாம் கரெக்டாத்தானே கீது?" என்று கேட்டார். "கரெக்டாதான் இருக்கு அக்கா, பச்சை வந்திருக்கு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து எழுந்து, "உம்புள்ள அங்க நல்லா கீறானா?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தாய் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீ செய்த தப்பு தப்பே இல்லை. இருநூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று. யாருக்கும் விட்டுப்போகும். அதற்காக உன்னை யாரும் திட்டினால் வாங்கிக்கொள், நானும் கூட நின்று வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த பிறகு நாம் சும்மா இருந்த நாட்கள் வேறு. வேலை போய்விடுமோ, அங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் பயந்தேன். அனுப்பினால் வா. நீ இருந்த அறையில் அப்பாவின் மருந்துப் பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன், எடுத்துவிடுகிறேன். உன் அப்பாவுக்கு நான் செய்ததைத் திரும்ப எடுக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. உனக்கு நாளை காலை ஒன்பது மணி வரை இருக்கிறது.

நாளை வியாழக்கிழமை. அப்பாவுக்கு இட்லி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். உன் பழைய கம்பெனி பத்து மணிக்குத் திறக்கும் என்று தெரியும். இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன், தண்ணீர் நோட்டையும், நீயும் நானும் டிக் போட்ட நோட்டையும். உன் மேலாளர் என்னை உள்ளே விடுவாரோ, வாசலிலேயே உட்கார வைப்பாரோ தெரியாது. நூற்றுப் பதினேழாவது வரியைக் காட்டி எனக்குத் தெரிந்த சொற்களில் சொல்வேன். மூன்று பதில், பழைய முத்திரை, நான்கு புள்ளி இரண்டு. போனைக் கவிழ்த்து வைத்தது நான் என்பதையும் சொல்வேன். ஆனால் இது என் வாயால் போவதைவிட உன் கையெழுத்தில் போவதுதான் சரி. நான் வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் உன் கடிதம் அவர் மேசைக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் இப்போது விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டேன். இம்முறை அறிகுறி எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் ஒப்புக்கொண்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் பழைய புரோகிராம் திரும்ப வந்துவிடுமா என்று தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்துக் கட்டிலிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். பத்துத் திரையிலும் பச்சை எரியும். கஸ்தூரி அக்கா தனியாக வந்து ஆறாம் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை நீட்டிக்கொண்டு, வலது கையால் சீட்டை என்னிடம் கொடுப்பார். எல்லாம் கரெக்டாத்தானே கீது என்று கேட்பார். நான் சீட்டையும் பார்ப்பேன், திரையையும் பார்ப்பேன். பிறகு, "தெரியல அக்கா. ஊசி போட விடாதீங்க, நான் டாக்டரக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லுவேன்.

அம்மா